அபிஷேகபுரியின் முழங்கால் சட்டம்

உலகப்படம் வரைந்தவர் மை தீர்ந்து எழுந்துபோன மூலையில் அபிஷேகபுரி என்றொரு ராஜ்யம் இருந்தது. அங்கே கிணறுகள் நாற்பது, கோவில் மணிகள் நானூறு. மணி அடித்தால் தாகம் அடங்குமா என்று கேட்ட ஒருவன் அங்கே இருந்தான். அவன் இப்போது எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

ராஜ்யத்தின் மன்னர் மகாராஜா சவரிராயர். தும்மினால்கூட முன்னும் பின்னும் சிலுவை போட்டுக்கொள்ளும் பக்திமான். பட்டத்துக்கு வந்த முதல் வாரமே நியாயஸ்தலத்தைப் பூட்டினார். "தீர்ப்பு ஆண்டவருடையது, மனிதன் தீர்ப்புச் சொல்வது அகங்காரம்" என்றது அரசாணை. பூட்டிய கட்டடத்தை ஜெபமண்டபமாகத் திறந்து, வழக்கோடு வந்தவன் கையில் ஒரு மெழுகுதிரியைக் கொடுத்து, "போய் ஏற்று" என்றார்கள். வயலைப் பறிகொடுத்தவனும் ஏற்றினான், பறித்தவனும் ஏற்றினான். பறித்தவனுடைய திரி பெரியது. அது நெடுநேரம் எரிந்தது.

திரியை எவனும் ஏற்றிவிடலாம். உண்மையான பக்தனை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கவலை அடுத்து வந்தது. மந்திரி ஞானாதிக்கம் இதைப் பற்றி மூன்று நாள் யோசித்தார். அவர் யோசிக்கும்போது நகரத்தில் யாரும் உரலில் இடிக்கக் கூடாது என்று ஏற்கெனவே உத்தரவு இருந்ததால், மூன்று நாளும் ஜனங்கள் நெல்லை மென்றார்கள்.

நான்காம் நாள் அவர் சபையில் எழுந்தார். "மகாராஜா! ஜெபிக்கிறவன் மண்டியிடுகிறான். மண்டியிடுகிறவன் முழங்கால் காய்த்துப்போகிறது. ஆகவே, காய்ப்பே பக்தி!"

"ஆமென்" என்றார் மகாராஜா. முழங்கால் சட்டம் பிறந்தது.

குடிமக்கள் அனைவரும் ஆண்டுக்கு ஒருமுறை முழங்காலைக் காட்டி முத்திரை வாங்க வேண்டும். மெத்தென்றிருந்தால் பஞ்சு. கொஞ்சம் இறுகியிருந்தால் பலகை. நன்றாகக் காய்த்திருந்தால் பாறை. பாறைக்காரர் அதிகாரிகளோடு நின்றபடி பேசலாம். பலகைக்காரர் குனிந்தபடி பேசலாம். பஞ்சுக்காரர் பேச வேண்டியதில்லை. அவர்கள் பொதுக்கிணற்றில் இறைப்பதும் உச்சிவேளைக்குப் பிறகுதான். பிறந்த குழந்தைகள் எல்லாம் பஞ்சு வகுப்பில் சேர்ந்துவிடுவதை ஒருவர் பணிவோடு எடுத்துச் சொன்னபோது, "சீக்கிரம் தவழ விடுங்கள்" என்றார் மந்திரி.

சட்டம் வந்துவிட்டது, காய்ப்பைத் தொட்டு மதிப்பிடத் தெரிந்த ஆள் வேண்டுமே? அப்படித்தான் இஞ்ஞாசி அரண்மனைக்கு வந்து சேர்ந்தான்.

இஞ்ஞாசி மாட்டுச் சந்தைத் தரகன். காளையின் பிடரியில் நுகத்தடி உராய்ந்த காய்ப்பை இரண்டு விரலால் தடவி, "இது வலப்பக்கம் பூட்டுன வலத்தை மாடு, செம்மண் தரை, மூணு வருஷம் கெணத்துல கமலை இழுத்திருக்கு, போன மாசம் நோவுல படுத்துட்டு" என்று சொல்லிவிடுவான். விற்கிறவன் முகம் கறுக்கும். காய்ப்பு பொய் சொல்லாது என்பது அவன் கொள்கை. தரகர்களில் பொய் சொல்லாத ஒரே ஆள் என்று சந்தையில் பெயர். அதனாலேயே அவனுக்குப் பிழைப்பு சரியாக ஓடவில்லை. ராஜாங்க முழங்கால் பரிசோதகர் என்ற பட்டமும் ஒரு சிவப்புத் தலைப்பாகையும் கிடைத்ததும், அந்தக் குறை தீர்ந்தது. அதாவது, பொய் சொல்லாத குறை.

தனவான்கள் முந்திரிக்கொட்டை எண்ணெயைத் தடவி முழங்காலைப் புண்ணாக்கிக் காய்ப்பு வரவழைத்துக்கொண்டு வந்தார்கள். இஞ்ஞாசியின் விரலுக்கு அது ஒரு நொடியில் தெரியும். தலைப்பாகை கனத்தது. "பாறை" என்றான். பனையேறி ஒருவன் நெஞ்சும் உள்ளங்கையும் மரப்பட்டை மாதிரி காய்த்துப்போய் வந்து நின்றான். முழங்கால் மட்டும் மெத்தென்று இருந்தது. "பஞ்சு" என்றான். அதற்குப் பிறகு அந்தப் பனையேறி உச்சிவெயிலில் குடத்தோடு நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் இஞ்ஞாசி வேறு தெருவில் போவான்.

இந்தச் சட்டத்தில்தான் அபிஷேகபுரியின் தேர்தலும் அடங்கியிருந்தது. பெரிய திருநாள் அன்று ராஜ்யத்திலேயே அதிகம் காய்த்த முழங்கால் எதுவோ, அந்த முழங்காலுக்கு உரியவர் சொல்லும் ஒரு வாக்கு சட்டமாகும். அதை மன்னரும் மீற முடியாது. போட்டியிட யாருக்கும் தடையில்லை. ஒன்பது ஆண்டுகளாக மகாராஜாவே ஜெயித்துவந்தார். அவர் மண்டியிடுவது இலவம்பஞ்சு திணித்த வெல்வெட் திண்டில். ஒன்பது ஆண்டுகளாக இஞ்ஞாசி அந்த முழங்காலைத் தொடுவான். நுங்கு மாதிரி வழுக்கும். "வைரம்!" என்று கூவுவான். நானூறு மணிகளும் அடிக்கும்.

பத்தாம் ஆண்டு வந்தது.

அந்த ஆண்டுத் திருநாளுக்கு மகாராஜா பெரிய ஏரியில் தெப்பம் விடத் தீர்மானித்தார். தெப்பத்தில் புனிதரின் சுரூபம், சுரூபத்துக்குப் பக்கத்தில் மகாராஜா. இருவருடைய நிழலும் தண்ணீரில் முழுசாகத் தெரிய வேண்டும் என்றால் ஏரி தளும்ப வேண்டும். மடையை அடைத்தார்கள். மடைக்குக் கீழே கீழ்ப்பற்று என்ற ஊர். அங்கே நெல் கதிர் வாங்கிப் பால் பிடிக்கும் நேரம். எட்டு நாளுக்குள் தண்ணீர் பாயாவிட்டால் எல்லாம் பதர்.

கீழ்ப்பற்றுக்காரர்கள் தலைநகருக்கு வந்தார்கள். மந்திரி ஞானாதிக்கம் மேல்மாடத்தில் நின்று அவர்களைப் பார்த்தார்.

"தண்ணீரை மனிதனிடம் கேட்கிறீர்களே, இது விசுவாசமா? மழை ஆண்டவருடையது."

"மழை பெஞ்சு ஏரி நெறைஞ்சுதான கெடக்கு, சாமி" என்றார் கூட்டத்தில் ஒருவர். "மடையத்தான் கேக்கோம்."

"மடை மகாராஜாவுடையது. எதை யாரிடம் கேட்பது என்றே தெரியாமல் எப்படி ஜெபிக்கிறீர்கள் நீங்கள்?"

"ரெண்டு பேர்கிட்டயும் கேட்டாச்சே! ஒருத்தர் குடுத்துட்டாரு, ஒருத்தர்தான் அடைச்சு வச்சிருக்காரு."

இந்தப் பதிலை மந்திரி பக்தியின்மை என்று குறித்துக்கொண்டார். மாலைக்குள் இரண்டு ஆணைகள் வந்தன. ஒன்று: கீழ்ப்பற்றில் இனி பட்டினி என்ற சொல் கூடாது, அதை நோன்பு என்றே சொல்ல வேண்டும். கேட்காமலே ஓர் ஊர் முழுவதும் நோன்பிருக்கும் பாக்கியம் எந்த ராஜ்யத்துக்குக் கிடைக்கும்? மற்றொன்று: தண்ணீரையும் நியாயத்தையும் ஒரே மூச்சில் பேசுகிற ஏடு ஒன்று வேதத்தில் உண்டு. ஈரம் பட்டுக் கெட்டுவிடக் கூடாது என்ற அக்கறையில், நாட்டிலுள்ள எல்லாக் கோவில்களிலும் அந்த ஏட்டை அடுத்த ஏட்டோடு சேர்த்துப் பசை போட்டு ஒட்டிவிட வேண்டும். ஒட்டினார்கள். பசைக்கு வேண்டிய அரிசிமாவு கீழ்ப்பற்றிலிருந்து போன வருஷம் வந்தது.

மறுநாள் காலை இஞ்ஞாசியின் பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு பெண் வந்தாள். ஐம்பது வயதிருக்கும். பெயர் வியாகுலம். கீழ்ப்பற்றில் பிறந்தவள், அரண்மனைக் கோவிலிலும் ஜெபமண்டபத்திலும் தளம் கழுவுகிறவள்.

"முத்திரை போடுங்க அண்ணாச்சி. பாறைன்னு இருந்தாத்தான் மனு வாங்குவாங்களாம்."

"பாறை என்னம்மா கடையில கிடைக்கிற சாமானா? கால நீட்டு."

சேலையைக் கொஞ்சம் ஏற்றி முட்டியைக் காட்டினாள். இஞ்ஞாசி இரண்டு விரலை வைத்தான். வைத்த விரலை எடுக்கவில்லை. காய்ப்பு முட்டிக்கு நேரே இல்லை. ஒரு விரற்கடை கீழே, முன்பக்கமாகச் சாய்ந்து, இரண்டு காலிலும் அச்சில் வார்த்த மாதிரி. உடம்பின் பாரம் முழுவதும் முன்னால் தள்ளி, கருங்கல்லில், இருபது வருஷத்துக்குக் குறையாமல். சந்தையில் இப்படி ஒரு பிடரியைத் தொட்டிருந்தால் அந்த மாட்டை அன்றே அவிழ்த்துவிடச் சொல்லி விற்பவனோடு சண்டைக்குப் போயிருப்பான்.

"இது ஜெபம் பண்ணி வந்ததில்லையே?"

"ஜெபமா? உங்க ஜனங்க ஏத்துற மெழுகுதிரியெல்லாம் தளத்துல ஒழுகிக் கெட்டியா ஒட்டிக்கிடும். தேங்காச் சிரட்டைய வச்சு மண்டி போட்டுச் சொரண்டணும். இருவத்திரெண்டு வருஷமாச் சொரண்டுதேன். இந்த ஒம்பது வருஷத்துல மெழுகு ரெம்பச் சாஸ்தி."

"அப்ப ஜெபமே கிடையாதாக்கும்?"

"இல்லாம? கல்லுக்கு ஒரு அருள் நிறைந்த மரியே. இந்தக் கல்லு முடிஞ்சா அடுத்த கல்லு, அடுத்த மந்திரம். கை ஒரு பக்கம் போகும், வாய் ஒரு பக்கம் போகும். ரெண்டுக்கும் நடுவுல என்ன வேலின்னு எனக்குத் தெரியாது அண்ணாச்சி."

இஞ்ஞாசி முத்திரையை எடுத்தான். பாறை என்று குத்தினான். அவள் போகவில்லை.

"திருநாளுக்கு நானும் நிக்கப்போறேன்."

"எதுக்கு?"

"போட்டிக்குத்தான். எந்த முட்டி ரெம்பக் காய்ச்சதோ அது சொல்லுறது சட்டமில்லா?"

இஞ்ஞாசி எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான். "ஏம்மா, பைத்தியமா ஒனக்கு? ஒம்பது வருஷமா அவருதான்."

"அவரு முட்டிய நான் பாத்திருக்கேன். திண்டத் தட்டிப் போடுறவ நான்தான. பச்சப்புள்ள கன்னங்கூட அதவிடக் கடுசா இருக்கும்." அவனை நேராகப் பார்த்தாள். "சந்தையில ஒங்களப் பத்திச் சொல்லுவாங்க. மாட்டுக்கு உண்மை சொல்லுற கைன்னு. மாட்டுக்குச் சொன்னீங்க. மனுசருக்கு எப்பச் சொல்லுவீங்க? திருநாளு ஆறாம் நாளு. நெல்லு எட்டு நாளுதான் தாங்கும்."

ஐந்து நாள் இஞ்ஞாசிக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கு அவன் நோன்பு என்று பெயர் வைத்துக்கொள்ளவில்லை.

திருநாள் அன்று ஏரிக்கரையில் நாடே திரண்டது. அண்டை ராஜ்யங்களின் தூதர்கள் குடைநிழலில் உட்கார்ந்திருந்தார்கள். மந்திரி ஞானாதிக்கம் முக்கால் மணி நேரம் பேசினார். அதில் பணிவு என்ற சொல் முப்பத்தெட்டு முறை வந்தது. முடிவில், "மகாராஜாவோடு போட்டியிட விரும்பும் துணிச்சல்காரர் உண்டா?" என்று வழக்கம்போலக் கேட்டுவிட்டு, வழக்கம்போல வாய்விட்டுச் சிரித்தார்.

வியாகுலம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் கையில் அன்றைக்கும் சிரட்டை இருந்தது.

மகாராஜா புன்னகைத்தார். "வரட்டும், வரட்டும். தாழ்ந்தவர்களும் நம்மோடு நிற்கலாம் என்று தூதர்கள் பார்க்கட்டும்."

இஞ்ஞாசி முதலில் மகாராஜாவின் முழங்காலைத் தொட்டான். நுங்கு. பிறகு வியாகுலத்தின் முழங்காலைத் தொட்டான். மணிக்கயிறுகளைப் பிடித்துக்கொண்டு நானூறு பேர் நானூறு கோவில்களில் நின்றார்கள். அவன் தலைப்பாகையைக் கழற்றித் தரையில் வைத்தான்.

"வலத்தை, இடத்தை ரெண்டும் ஒரே சீரு" என்றான், சந்தையில் கூவுகிற பழைய குரலில். "கருங்கல் தரை. இருவத்திரெண்டு வருஷம். இதுக்கு மிஞ்சின முட்டி இந்த ராஜ்யத்துல இல்ல. மகாராஜாவோடது நுகத்தடியே பாக்காத கோவில் காள. கொழுத்த மாடு. உழவுக்கு ஆகாது."

மந்திரி குதித்தார். "ஆட்சேபம்! அவளுடையது வேலை செய்து வந்த காய்ப்பு! பக்தியால் வந்ததல்ல!"

"காய்ப்பே பக்தின்னு சொன்னது நீங்கதான ஐயா" என்றாள் வியாகுலம். "எதால காய்க்கணும்னு சட்டத்துல எழுதலியே?"

மந்திரி சட்டச் சுவடியைப் புரட்டினார். எழுதவில்லை. மண்டியிட்டு வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பது அதை எழுதியபோது சபையில் யாருக்கும் தோன்றவில்லை. தூதர்கள் குடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்கள். கூட்டம் ஒரு அடி முன்னால் வந்தது.

"வாக்கைச் சொல்" என்றார் மகாராஜா, பல்லுக்குள்.

"மடையத் தொறக்கணும். மகாராஜாவே தொறக்கணும்."

மடை தாழ்வானது. பலகையின் காதில் கடப்பாரையைச் செருகி, கல்மேல் மண்டியிட்டுத்தான் நெம்ப முடியும். வெல்வெட் திண்டைத் தூக்கிக்கொண்டு ஓடிய சேவகனை வியாகுலம் சிரட்டையை நீட்டித் தடுத்தாள். மகாராஜா வாழ்நாளில் முதல்முறையாகக் கல்லில் மண்டியிட்டார். முதல் நெம்பிலேயே முட்டித்தோல் கிழிந்து இரண்டு சொட்டு ரத்தம் சிந்தியது. பலகை அசைந்தது. தண்ணீர் கீழ்ப்பற்றைப் பார்த்து ஓடியது.

கதை இங்கே முடிந்திருந்தால் அபிஷேகபுரி நல்ல ராஜ்யம் என்று ஆகியிருக்கும்.

சூரியன் சாயும்போது ஆணை வந்தது. மகாராஜாவின் திருரத்தம் சிந்திய மடைக்கல் இன்று முதல் புனிதத்தலம். புனிதக்கல் நனையக் கூடாது. ஆகவே மடையை அடைத்துச் சுண்ணாம்புக் காரை பூச வேண்டும். சுற்றிலும் வேலி. முழங்காலில் ஊர்ந்து வருகிற பக்தருக்கு மட்டும் அனுமதி. வியாகுலத்துக்கு அரண்மனைக் கோவிலில் வேலை இல்லை; அவளுடைய பக்தி அந்த அளவுக்கு உயர்ந்துவிட்டது. இஞ்ஞாசிக்குத் தண்டனையாக வேலி வாசலில் உத்தியோகம்: வருகிறவர்களுடைய முழங்காலைப் பார்த்து உள்ளே விட வேண்டும். கண்காணிக்க ஒரு காவலாளி, பெயர் பிலவேந்திரன்.

ஒரு பிற்பகல் ஓடிய தண்ணீர் மேல்வயலை நனைத்தது. கடைமடைக் கதிர்கள் காய்ந்தே நின்றன. இரண்டு நாள் மிச்சம்.

எட்டாம் நாள் காலை கீழ்ப்பற்றுப் பாதையில் புழுதி எழுந்தது. முந்நூறு பேர். ஆணும் பெண்ணும் முழங்காலில் ஊர்ந்து, பாடிக்கொண்டு வந்தார்கள். முன்னால் வியாகுலம். அவளுக்குப் பின்னால் நான்கு பேர் தோளில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு இரும்புச் சிலுவை.

பிலவேந்திரனுக்குக் கண் கலங்கியது. "பாத்தீங்களா அண்ணாச்சி? அகங்காரம் புடிச்ச ஊருன்னு மந்திரி சொன்னாரு. எப்படித் திருந்திட்டாங்க பாருங்க!" தொப்பியைக் கழற்றிச் சிலுவையை வணங்கினான்.

சிலுவை வாசலுக்கு வந்தது. இஞ்ஞாசி அதைப் பார்த்தான். இரண்டு கடப்பாரைகள், குறுக்கே வைத்துப் புதுக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. முனைகள் இரண்டும் அன்று காலைதான் தீட்டியவை.

வியாகுலம் அண்ணாந்து பார்த்தாள்.

"பாறை" என்றான் இஞ்ஞாசி. அடுத்தவரைத் தொடாமலே, "பாறை. பாறை. எல்லாம் பாறை. உள்ள போங்க."

முந்நூறு பேரும் மடைக்கல்லைச் சுற்றி மண்டியிட்டார்கள். சிலுவையை இறக்கிவைத்து, முத்தமிட்டு, கயிற்றை அவிழ்த்தார்கள். வியாகுலம் அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பித்தாள். மந்திரம் முடிகிற இடத்தில் இரண்டு கடப்பாரையும் காரையில் இறங்கின. அடுத்த மந்திரம், அடுத்த குத்து. ஒரு சுற்றுக் களைத்தால் அடுத்த ஆள் முழங்காலில் நகர்ந்து வந்து பிடித்துக்கொண்டார். வாயும் கையும் நிற்கவேயில்லை.

பிலவேந்திரன் குழம்பிப்போய் ஈட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். "அண்ணாச்சி, இவங்க ஜெபம் பண்ணுறாங்களா, வேலை செய்யுறாங்களா? ஜெபம்னா தடுக்கக் கூடாது. வேலைன்னா தடுக்கணும். உத்தரவு அப்படித்தான். நீங்கதான் தொட்டாச் சொல்லிருவீங்களே, சொல்லுங்க."

இஞ்ஞாசி தன் இரண்டு விரலையும் பார்த்தான்.

"தெரியலப்பா" என்றான். "நேத்து வரைக்கும் தெரிஞ்சுது. இன்னைக்கு விரல வச்சாலும் தெரியாது."

அவன் வேலிக்குள் போய் மண்டியிட்டான். மற்றவர்களுக்கு முத்திரை குத்திய ஒன்பது வருஷத்தில் அவன் தன் முழங்காலைப் பார்த்ததே இல்லை. அது பஞ்சு. கல் நறுக்கென்று குத்தியது. முகத்தைச் சுளித்துக்கொண்டு நகர்ந்துபோய்க் கடப்பாரையைப் பிடித்தான். காரை பிளந்தது. புனிதக்கல் நன்றாக நனைந்தது. தண்ணீர் பிலவேந்திரனின் கால்வரைக்கும் வந்து, அவனைச் சுற்றிக்கொண்டு, கடைமடைக்குப் போனது.

மறுநாள் அரண்மனை அறிக்கை வெளிவந்தது. மகாராஜாவின் இடைவிடாத ஜெபத்துக்கு இரங்கி மடை தானாகத் திறந்துகொண்டதாக அதில் கண்டிருந்தது. மணிகள் நானூறும் அடித்தன. கீழ்ப்பற்றில் யாருக்கும் அதைக் கேட்க நேரமில்லை, வயலில் வேலை கிடந்தது.

அபிஷேகபுரியில் இப்போது கடப்பாரை வைத்திருப்பதற்கு மந்திரியின் அனுமதிச் சீட்டு வேண்டும். சிலுவைக்கு வேண்டியதில்லை.